கிரீஸ் தடவாத அச்சு

"மண்ணுக்கு எதுக்கு மச்சான் மேக்கப்?" என்றார் கொத்தனார்.

பாதிக் குழாய் போன்ற பித்தளை அச்சுக்குள் கிரீஸ் தடவிக்கொண்டிருந்த மண் பரிசோதனை லேப்காரர் நிமிரவில்லை. எத்தனையோ கட்டடங்களின் களிமண்ணோடு மல்லுக்கட்டியவர். இன்று மேஜை மேல் இருந்தது தங்கை வீட்டு அஸ்திவாரத்து மண்.

"காயறப்போ சுருங்கும் மாப்பிள்ளை. எவ்வளவுன்னு அளக்கணும்னா ஒட்டாம நகரணும்."

"எண்ணெய் போட்டா எவனும் வழுக்குவான். எனக்கும் ஒரு அச்சு கொடுங்க. தடவாம காய வெச்சுக் காட்டறேன்."

தங்கை இன்னொரு அச்சை எடுத்துக் கணவர் முன் வைத்தாள். அவர் தன் கையால் கட்டிய வீடு அது, இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்களை ஒட்டி. மழை பொய்த்த இந்த வருஷம் நடு அறையில் விரிசல் விட்டது. பாப்பா தூங்குவது அங்கேதான். வேறு வீடு பார்க்கலாம் என்று அவள் கெஞ்சியபோதெல்லாம், "பூச்சு வெடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று அடித்துப் பேசினார். பரிசோதனை சொன்னால் கேட்கிறேன் என்கிற வரைக்கும்தான் இறங்கி வந்தார்.

மண் காய்ந்து, ஓவனிலிருந்து அச்சுகள் வெளியே வந்த அன்று மூவரும் குனிந்து பார்த்தார்கள். கிரீஸ் தடவியதில் மண் கட்டை சுருங்கி, இரு முனைகளிலும் சுண்டுவிரல் நுழைய இடம் விட்டிருந்தது.

கொத்தனார் தன் அச்சைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா? முனை ரெண்டும் இம்மி நகரலை!"

"நடுவுல பாருங்க" என்றாள் தங்கை.

கட்டை மூன்றாகப் பிளந்து கிடந்தது.

"ரெண்டு பக்கமும் பிடிச்சு வெச்சா அது வேற எங்கே போகும்? நம்ம வீட்டையும் அப்படித்தானே பிடிச்சு வெச்சிருக்கோம்?" என்றாள்.

லேப்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அந்த ரூம் கதவு சரியா மூடுதா மாப்பிள்ளை?"

"காலையில இறுகுச்சு. சாயங்காலம் இழைச்சுடலாம்னு..."

"கதவு நிலையே சாயுதுய்யா! பாப்பா எங்கே?"

"அந்த ரூம்லதான் தூங்கறா. ஹால்ல பக்கத்து வீட்டு டீச்சர் இருக்காங்க."

கொத்தனார் போனை எடுத்தார். "டீச்சர், பாப்பாவைத் தூக்கிட்டு உடனே வெளியே வாங்க!"

காலடிச் சத்தம். கதவு குலுங்கும் சத்தம். அதற்குப் பின்னால் பாப்பாவின் அழுகை.

"திறக்க மாட்டேங்குதே கொத்தனாரே!"

அந்த அறையின் பின்பக்க ஜன்னலைத் தெருவே சேர்ந்து பெயர்த்துப் பாப்பாவை வெளியே எடுத்தது. நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

மறுநாள் காலை கடப்பாரையோடு போன கொத்தனார், வீட்டை இடிக்கக் கூப்பிட்டிருந்த ஆட்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, நடு அறைச் சுவரில் முதல் அடியைத் தானே போட்டார்.