பெட்டியில் வந்த வில்

வில்லை வளைத்துப் பிடிக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை அக்கா சுற்றச் சுற்ற, கவ்விகளுக்கு நடுவில் இருந்த வில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. நாண் தளர்ந்ததும் பழையதைக் கழற்றி மேசையில் போட்டாள். புது நாணின் வளையத்தை வில்லின் மேல்முனையில் இருந்த சக்கரத்தில் மாட்டி, கீழே இழுத்து, அடிச் சக்கரத்தில் மாட்டினாள். மெழுகு ஏறி ஏறி அவள் விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. அந்தத் தெருவில் அவளுக்கு வில்லுக்கடை அக்கா என்று பேர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்ன நாளில் வேலை கைக்கு வந்துவிட்டால் யாரும் வயசு பார்ப்பதில்லை.

கல்லாவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். இருவரும் நகையை அடகு வைத்துச் சேர்ந்து போட்ட கடை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் வியாபாரம் பண்ணினால் ஒரு வாரம் தாங்காது என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னது. தினம் சண்டை வந்தது, தினம் கடையும் திறந்தது.

"அண்ணி, வாசல்ல பாருங்க. நம்ம மகராசன் வர்றாரு."

பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு படியேறினார். பின்னால் அவர் மகள், ஒரு நீள அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். பத்தாவது படிக்கிற பெண்.

அந்த மனுஷரைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகளை இங்கே நிறுத்தி, கை நீளம் அளக்க வைத்து, ஒவ்வொரு வில்லாக இழுத்துப் பார்க்க வைத்து, எது பொருந்தும் என்று கறந்துகொண்டு போனவர். பொருந்திய வில் கடையில் காட்டுவதற்கு ஒன்றுதான் இருந்தது. விற்பதற்கு வில் கம்பெனி அனுப்பவில்லை. கேட்கும்போதெல்லாம் சரக்கில்லை என்ற ஒரே பதில். 'கொஞ்சம் பொறுங்க, வந்ததும் சொல்றேன்' என்றாள் அக்கா. 'சரிம்மா' என்று தலையாட்டிவிட்டுப் போனவரை அதற்குப் பிறகு காணவில்லை.

"எதுல வாங்கினீங்க? போன்லயா?" என்றாள் நாத்தனார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "தப்புதான் தங்கச்சி. சனிக்கிழம இவளுக்குத் தேர்வு. எடுபட்டா விளையாட்டு விடுதியில எடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. உங்களுக்குச் சரக்கு வர்ற மாதிரி தெரியல. போன்ல தட்டினேன், நாலாம் நாள் வீட்டு வாசல்ல நிக்குது."

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

பெண் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வில் அலங்கோலமாகக் கிடந்தது. நாண் சக்கரத்தை விட்டுக் கழன்று, கம்பிபோல் இழுபட்டிருந்த கயிறு ஒன்று நடுவில் அறுந்து சிலும்பியிருந்தது.

"எங்க மாமா," என்றாள் பெண். அழுது முடித்த குரல். "பெட்டியப் பிரிச்ச உடனே எடுத்து இழுத்தாரு. விடாதீங்க மாமா, அம்பு இல்லன்னு கத்தினேன். அதுக்குள்ள விட்டுட்டாரு."

அக்கா பல்லைக் கடித்தாள். அம்பு இருந்தால் இழுத்த வேகத்தை அம்பு கொண்டுபோய்விடும். இல்லாவிட்டால் அந்த வேகம் முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். கடையில் இழுத்துப் பார்க்க வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதே இதைத்தான். பெட்டியில் வந்த வில்லோடு அதைச் சொல்ல ஆள் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர் உள்ளே வந்தார். கம்பெனி சார்பாகக் கடை கடையாகப் போய்வருகிறவர். வேர்வையில் நனைந்த சட்டை, தோளில் பை. கெட்ட மனிதர் இல்லை. வரும்போதெல்லாம் இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் விசாரிப்பார். பையிலிருந்து ஒரு நீள ஸ்டிக்கரை உருவி மேசையில் விரித்தார்.

'இணையத்தில் வாங்கிய வில்லுக்கு இங்கே பழுதுபார்ப்பு இல்லை.'

"எல்லா டீலர் கடையிலயும் ஒட்டச் சொல்லிட்டாங்க மேடம். உங்க நன்மைக்குத்தான். டீலர் மூலமா மட்டும்தான் விக்கணும்னு சட்டம் போட்டும் திருட்டுத்தனமா நெட்ல போகுது பாருங்க. கண்ணாடியில ஒட்டி ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"இதத்தான் சார் எதிர்பாத்தோம்!" நாத்தனார் கல்லாவை விட்டு எழுந்தே விட்டாள். "ரெண்டா குடுங்க. ஒண்ணு இவரு முதுகுல ஒட்டணும்."

டிரைவர் பெட்டியை மூடப்போனார். அக்கா அதன் மேல் கையை வைத்தாள்.

பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு போட்ட டேப். அவள் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் அதே பச்சைக் கோடுதான். பெட்டியைப் புரட்டினாள். அனுப்பிய இடம் என்று போட்டிருந்தது. கடையின் பெயர் அவள் கேள்விப்படாதது. கீழே இருந்த விலாசம் மனப்பாடமானது.

"சார், இது உங்க குடோன்தானே?"

கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அது வேற பிரிவு மேடம். பேரு வேற. கணக்கு வேற."

"குடோன் ஒண்ணுதானே? இந்த வில்லுக்கு உங்ககிட்ட நாயா அலைஞ்சேன். சரக்கில்லன்னீங்க. உங்க பேச்ச நம்பி நான் இவர்கிட்ட பொறுங்க பொறுங்கன்னேன். நாங்க நெட்ல வித்தா குத்தம். தபால்ல அனுப்பினா குத்தம். நீங்க வேற சட்டையப் போட்டுக்கிட்டு வித்தா வியாபாரம். அப்படித்தானே?"

"நான் மாசச் சம்பளக்காரன் மேடம். எய்தவன் இருக்க அம்ப நோகலாமா?"

"நோகல சார். ஆனா அது வந்து தைக்கிறது என் கடையில."

அக்கா புது நாண் போட்ட வில்லைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினாள். டிரைவரின் வில்லை எடுத்துக் கவ்விகளுக்கு நடுவில் வைத்தாள்.

"மேடம், தொடாதீங்க." கம்பெனிக்காரர் குரல் இறங்கியது. "உங்க நல்லதுக்குச் சொல்றேன். பாத்தும் நான் சொல்லலேன்னா என் வேல போயிடும். சொன்னா உங்க டீலர்ஷிப் போயிடும். போர்டக் கழட்டிடுவாங்க. அப்புறம் ஒரு திருகாணிகூட வராது."

இந்தக் கடையில் பாதி நாத்தனாருடையது, அடகில் இருப்பதும் பாதி அவள் வளையல். அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

நாத்தனார் மேசையிலிருந்த ஸ்டிக்கரை எடுத்தாள். பிறகு கல்லா மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, கடைசியில் இருந்த 'இல்லை'யை மட்டும் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். மிச்சத்தைக் கொண்டுபோய் வாசல் கண்ணாடியில் ஒட்டி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவினாள்.

"ஒட்டியாச்சு சார். போட்டோ எடுங்க. எங்க அண்ணி மூஞ்சியும் நல்லா விழணும்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பஞ்சைப் பிய்த்து வில்லின் மேல்கை, கீழ்க்கை என்று வளையும் பாகங்கள் இரண்டிலும் விளிம்போடு விளிம்பாகத் தேய்த்துக்கொண்டே போனாள்.

"எதுக்குக்கா பஞ்சு?" என்றாள் பெண்.

"கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தா பஞ்சு மாட்டிக்கும். மாட்டுச்சுன்னா இத ஒடச்சுப் போட்டுடுவேன். நீ அழுதாலும் சரி, உங்கப்பா கால்ல விழுந்தாலும் சரி. இழுக்கும்போது கைல வெடிச்சா மூஞ்சி போயிடும்."

பஞ்சு எங்கேயும் மாட்டவில்லை. அக்கா மறுபடி ஒரு முறை தேய்த்தாள். சக்கரங்களைச் சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

கம்பெனிக்காரர் போனை உயர்த்திப் போட்டோ எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தார். போகும்போது குழந்தைகளை விசாரிக்கவில்லை.

"சும்மா ஒண்ணும் இல்ல," என்றாள் அக்கா, டிரைவரைப் பார்க்காமலே. "நாணுக்கு, கயித்துக்கு, கூலிக்கு எல்லாம் வாங்குவேன். அந்த ஞாயித்துக்கிழமைக்கும் சேத்து."

"குடுக்கறேம்மா."

"உங்க மச்சான் இந்தப் பக்கம் வந்தா அவருக்குத் தனிக் கணக்கு," என்றாள் நாத்தனார்.

கடைக்குப் பின்னால் இருந்த நீளக் கூடத்தில் பெண் நின்று வில்லை இழுத்தாள். முதல் அம்பு கீழே இறங்கியது. அக்கா வில்லில் குறி பார்க்கிற கம்பியை ஒரு மயிரிழை நகர்த்தினாள். அடுத்த அம்பு இலக்குப் பலகையின் நடு மஞ்சளில் போய் நின்றது. பெண் திரும்பிச் சிரித்தபோதுதான் அவளுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு என்று அக்கா கவனித்தாள்.

சனிக்கிழமை அவள் தேர்வானாள். திங்கட்கிழமை போர்டைக் கழற்றக் கம்பெனியிலிருந்து ஏணியோடு ஆள் வந்தார். வாசலில் ஏணியைச் சாய்த்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

"நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க," என்றாள் நாத்தனார். "பாத்து இறங்குங்க, அது மேல ஒட்டட இருக்கும்."

மேலே திருகுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. அப்போது ஒரு வேன் வந்து நின்றது. டெலிவரிக்காரர் பச்சைக் கோட்டு டேப் போட்ட நீளப் பெட்டிகளை இறக்கி, ஏணிக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"யாருக்கு இதெல்லாம்?" என்றாள் அக்கா.

"ஆளுக்கொண்ணு, தனித்தனி ஆளு. நெட்ல வாங்கினது. கடையில குடுத்து நாண் ஏத்தி வாங்கிக்கணும்னு போட்டிருக்குக்கா. கம்பெனி லிஸ்ட்ல உங்க கடை பேருதான் வருது." அவர் அண்ணாந்து பார்த்தார். "கடை மாறுதா?"

"கடை எங்கயும் போகல. உள்ள கொண்டாந்து வைங்க."

டெலிவரிக்காரர் கையிலிருந்த கருவியை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து. டீலர்னு இருக்குற கட்டத்துல போடுங்க."

அக்கா விரலிலிருந்த மெழுகைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். தலைக்கு மேலே ஏணிக்காரர் கடைசித் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.