மூன்றாவது இன்ஜெக்டர்

1

எழுத எதுவும் சிக்காத ஒரு மாதத்தில், எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் தளத்தில் ஓர் இன்ஜின் பிரிந்து கிடந்தது. பிரித்தவள் என் ஓரகத்தி. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இந்தக் கதை அப்படித்தான் வந்தது. இதைவிட மரியாதையான பிறப்பு அதற்கு இல்லை.

முதல் வரியாக இதை எழுதியிருந்தேன்: பெட்ரோல் வாடை அவளுக்கு ஒரு பூவின்

(அடித்துவிட்டேன். பெட்ரோலுக்குப் பெட்ரோல் வாடைதான்.)

அடுத்தது: ஆண்கள் மட்டுமே கைவைக்கும் இயந்திரத்தின் முன் ஒரு பெண் தன்னந்தனியாக

(இதை அவளிடமே படித்துக் காட்டினேன். "எங்கயாவது மேடையில பேசப் போறியா?" என்று கேட்டாள். இதையும் அடித்துவிட்டேன்.)

2

அவளை ஊரே பல்லக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். ஒரு மயிரிழை உயரம் கூடினால் ஒருவர் வாயை மூட முடியாது. அப்படி ஒரு வேலை. நேரில் அவளை "நீங்க" என்றுதான் பேசுவேன். கதையில் "அவள்" என்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளவில்லை, "கதையில மட்டுந்தான்" என்றாள்.

அவளுடைய கார் ஒருநாள் நடுச்சாலையில் கொதித்து நின்றது. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளாற போயிடுச்சுங்க. பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

"உள்ளாறன்னா எங்க?"

"உள்ளாறதான்."

அந்தப் பதில்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனர் பெட்டி வாங்கினாள். வேலை முடிந்து வந்து மாலை ஒரு மணி நேரம், ஞாயிறு முழுக்க. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் குத்தி, அதன் இடத்தை எழுதிவைத்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய் என்று பல் கணக்கில் எழுதியிருந்ததால் வேறு யாரும் அதில் கைவைக்க வழியில்லை. இன்ஜினின் மேல்பாகத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் இழைத்து வந்தாள். ஏழு வாரம். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்பில் பாதிப் பேர் கீழே நின்றார்கள். அவள் கணவர் சலவைச் சட்டையோடு முன் சீட்டில் ஏறிவிட்டார். நானும் என் கணவரும் பின்னால். பல்லக்கா சாவியைத் திருப்பினாள்.

இரண்டு தடவை இழுத்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

நான் கைதட்டினேன், எல்லோரும் தட்டினார்கள். என் கணவர் முன்னால் சாய்ந்து அண்ணனின் தோளைக் குலுக்கினார், அவர்தான் பூட்டியது போல. இன்ஜின் சீராக ஓடியது. கதையை அங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன், தெரியுமா? நோட்டில் கடைசி வரிகூடத் தயாராக இருந்தது.

பல்லக்கா மூக்கை ஒருமுறை சுருக்கினாள். சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"எல்லாரும் இறங்குங்க."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?" என்றார் அவள் கணவர்.

"பெட்ரோல் கசியுது. இறங்குங்க. யாரும் பக்கத்துல வராதீங்க."

வேறு யாருக்கும் அந்த வாடை தெரியவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவள் சும்மா இருந்திருந்தால் அந்தக் காலை முழுக்க அவளுடையதாக இருந்திருக்கும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அத்தனை கைதட்டலுக்கும் நடுவே, பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், அவளே தன் வண்டியை அணைத்தாள்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. மாடிப்படியில் ஏறிக்கொண்டே யாரோ, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள். அவள் காதில் விழுந்தது.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்று கணவர் தணிந்த குரலில் கேட்டார்.

"என் தப்பை அவர் வந்து கண்டுபிடிக்கணுமா? நீங்க போய்ச் சாப்பிடுங்க."

4

(வாசகருக்கு ஒரு குறிப்பு. இன்ஜெக்டர் என்பது சுண்டுவிரல் அளவுக் குழல். இந்த வண்டியில் நான்கு. மேலே ஓடும் பெட்ரோல் குழாயில் அவற்றின் தலை செருகியிருக்கும், கால் இன்ஜின் பக்கம். தலைக்கும் காலுக்கும் ஆளுக்கொரு ரப்பர் வளையம். அதுதான் கசியாமல் பிடிக்கிறது. அகராதியில் இதற்கு "உட்செலுத்தி" என்று இருக்கிறது. கடையில் அப்படிக் கேட்டால் மருந்துக்கடைக்கு வழி காட்டுவார்கள்.)

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்து பார்த்தேன். புது வளையத்திலேயே கோளாறு, கடைக்காரர் மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று எழுதினேன். நாயகி தப்பித்துவிடுவாள், வாசகருக்கும் திட்ட ஓர் ஆள் கிடைப்பான்.

படித்துவிட்டு, "மத்த மூணு வளையமும் அதே கடைதானே, அது ஏன் கசியலை?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

5

உண்மையில் நடந்தது இதுதான். இன்ஜின் முழுக்க ஆறும்வரை காத்திருந்தாள். நான்கு இன்ஜெக்டர்களின் கழுத்திலும் வெள்ளைத் தாளைச் சுற்றினாள். வண்டியைக் கிளப்பாமல் சாவியை மட்டும் பாதி திருப்பினாள். பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகிவிட்டு நின்றது. முதல் தாள் உலர்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நனைந்து ஒட்டிக்கொண்டது.

பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். பெட்ரோல் குழாயின் இணைப்பைத் துணியால் போர்த்தி, உள்ளே அழுத்தத்தில் நின்ற பெட்ரோலை மெல்ல வெளியேற்றினாள். குழாயைத் தூக்கி, மூன்றாவது இன்ஜெக்டரை உருவி, பல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டினாள்.

மேல் வளையத்தில் ஒரு வெட்டு. நகம் வெட்டிய துணுக்கு அளவுகூட இல்லை.

"காய்ஞ்ச வளையத்தை அப்படியே அழுத்தியிருக்கேன்" என்றாள். "ஒரு சொட்டு எண்ணெய் தடவிட்டு நேரா இறக்கணும். தடவலை. கோணலாப் போயி ஓரத்துல அறுபட்டிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டைப் புரட்டினேன். வியாழக்கிழமைப் பக்கம். "இன்ஜெக்டர் பொருத்துகிறார். எதற்கு எண்ணெய் தடவுகிறார்? கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவள் பதில். முதல் இரண்டைப் பொருத்திவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்து, என் பக்கம் திரும்பி எனக்கு விளக்கியிருக்கிறாள். விளக்கிவிட்டுத் திரும்பி மூன்றாவதை எடுத்திருக்கிறாள்.

"அக்கா, அது என்னாலதான். அந்த நேரத்துல நான்தான் பேச்சுக் குடுத்தேன்."

அவள் புது வளையத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

6

இங்கே எனக்கொரு அழகான முடிவு கிடைத்தது. கதை எழுத வந்தவளே கதையைக் கெடுத்தாள் என்று என்மேல் பழியைப் போட்டுக்கொண்டு, தலை குனிந்து நிற்கலாம். மூன்று பக்கம் உருகி எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல பகுதி என்றுகூட நினைத்தேன்.

பல்லக்கா அந்த மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள்.

"கேள்வி உன்னோடது. கை என்னோடது."

"இல்லக்கா, நான் மட்டும் அப்ப..."

"வேலை நேரத்துல நாலு பேரு பேசத்தான் செய்வாங்க. கவனிக்க வேண்டியது நான். அந்தத் தப்பை நீ எடுத்துக்கிட்டா, அதைச் சரி பண்ணினதுல எனக்குப் பாதிதானே மிஞ்சும்? முழுசும் எனக்கு வேணும்."

மூன்று பக்கமும் போயிற்று. அவள் சொன்ன ஆறு வாக்கியங்கள் மட்டும் இருக்கின்றன.

7

நான்கு மேல் வளையங்களையும் மாற்றினாள், மூன்றாவதை மட்டும் அல்ல. நான்கு தலைகளும் ஒன்றாக இறங்கும்படி குழாயை நேராக வைத்து, இரு பக்கப் போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். பேட்டரியை இணைத்தாள். பம்பை மூன்று தடவை முனகவிட்டாள். நான்கு தாளும் உலர்ந்தே இருந்தன. விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள். என்னையும் முகரச் சொன்னாள்.

கிளப்பினாள். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

கைதட்ட ஆள் இல்லை. மதிய வெயிலில் தளம் காலியாகக் கிடந்தது. பானெட்டைத் திறந்தபடியே வைத்து, பத்து நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, நோட்டு மூடியிருந்தது. பிறகு பானெட்டை இறக்கி, முழங்கையால் ஒரு தட்டுத் தட்டிச் சாத்தினாள். அவள் முகத்தில் இருந்ததை வருணிக்க ஐந்து வாக்கியம் எழுதி ஐந்தையும் அடித்தேன். நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான்.

"ஏறு."

"மேல இருக்கறவங்களைக் கூப்பிடலையா?"

அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்து யோசித்தாள். ஹாரனை ஒரு தடவை அழுத்தினால் போதும், எல்லா ஜன்னலும் திறக்கும். "நான் அப்பவே சொன்னேன்" என்றவரின் ஜன்னலும்தான். அழுத்தாமல் போனால், சாப்பிட்டுக் கைகழுவி இறங்கி வருகிறவர்கள் வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்ப்பார்கள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே அவளுக்குப் பொருந்துகின்றன. அவளிடம் கேட்டதற்கு, "வண்டி ஓடுதுல்ல, அதை எழுதிட்டியா? மீதியைப் படிக்கிறவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, அச்சில் கிடந்த ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்க்கப் போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். வண்டி ஓடுகிறது. ஹாரன் உங்கள் கையில்.