செத்தவன் முகத்துக்குக் கால் டாலர்

"அவன் செத்துக் கிடந்தான்னு கோர்ட்டுல சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

மனைவி அசுந்தா காப்பியை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பதில் வந்தால்தான் காப்பி என்பது கலோஜெரோவுக்கு விளங்கிவிட்டது.

"கேட்டாச் சொல்றேன்."

"கேட்டாத்தானா? பாவம், ஒருத்தி கடையை இழுத்து மூட மட்டும் வாய் நல்லா வந்துச்சு."

வெறும் வயிற்றோடு கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அமெரிக்காவின் அந்த நிலக்கரிச் சுரங்க ஊரில் முடிதிருத்துவோர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். பஞ்ச காலத்தில் கடைக்குக் கடை விலையைக் குறைத்து எல்லோரும் ஒன்றாகப் பட்டினி கிடந்தபோது சட்டம் வந்தது. சவரத்துக்குக் கால் டாலர். குறைத்து வாங்கினால் கடைக்குப் பூட்டு. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கடை என்பதற்கு அடையாளமான நீலக்கழுகுப் படத்தைக் கண்ணாடியில் முதலில் ஒட்டியவனும் அவன்தான்.

எதிர்க்கடை நுன்சியாவுடையது. அவனுடைய பழைய கூட்டாளியின் விதவை. புருஷனின் கத்தியை அவள் கையிலெடுத்தபோது தெருவே சிரித்தது. பிறகு அவளிடமே போய்க் கழுத்தை நீட்டியது. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் தொழிலாளிகள் அவள் பக்கம் போனார்கள். கலோஜெரோவின் நாற்காலியில் முதலாளி பக்கத்துச் சுரங்க மேஸ்திரிகள் மட்டும் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் சுரங்கத் தொழிலாளி ரொசாரியோ கரித்தூசி அடைத்த நெஞ்சோடு போய்ச் சேர்ந்தான். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய இந்தச் சிசிலிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனுக்குக் கடைசிச் சவரம் செய்ய நாவிதன் வீட்டுக்கே வருவான். அதற்குக் காசு வாங்க மாட்டான். வாங்கினால் கை விளங்காது என்பார்கள். ரொசாரியோவின் தம்பி முதலில் கலோஜெரோவிடம்தான் வந்தான். நாற்காலியில் மேஸ்திரி நுரை பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"கை வலிக்குதுப்பா," என்றான் கலோஜெரோ.

தம்பி அவன் கையிலிருந்த கத்தியை ஒரு தரம் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனான்.

அந்த வாரம் சங்கக் கூட்டம். வந்தவர்களில் பலர் பக்கத்து ஊர்க்காரர்கள்; ரொசாரியோ செத்தது தெரியாதவர்கள். "அந்தப் பொம்பள குறைச்சு வாங்குறாளாமே, யாராச்சும் பாத்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"ரொசாரியோ வீட்டுக்குப் போய் ஓசியிலயே பண்ணிட்டு வந்தா. போனதை நானே பாத்தேன்," என்றான் கலோஜெரோ.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் விழுங்கியிருந்தான். சங்கம் அவள்மேல் வழக்குப் போட்ட அன்றிலிருந்து சோறும் தூக்கமும் கசந்தன.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார்: "காசு வாங்கினியாம்மா?"

"இல்லீங்க."

"அந்த ரொசாரியோவைக் கூப்பிடுங்க."

"வர மாட்டாருங்க," என்றாள் நுன்சியா. "கல்லறையில இருக்காரு. அது அடக்கத்துக்குப் பண்ண சவரம்."

நீதிபதி கலோஜெரோ பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

எல்லாக் கண்களும் அவன்மேல் விழுந்தன. "தெரியும்," என்று அவன் சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

நீதிபதி சட்டத்தைப் புரட்டினார். சவரம் என்று இருந்தது; உயிரோடிருப்பவன், செத்தவன் என்ற பிரிவு இல்லை. அவருக்கும் சங்கடம்தான். "இனிமே யாரா இருந்தாலும் கால் டாலர் வாங்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. கேஸை முடிச்சுடறேன்."

"செத்தவங்ககிட்ட வாங்க மாட்டேங்க."

"கடை போயிடும்மா."

"போகட்டுங்க."

மத்தியானத்துக்குள் கோர்ட்டு ஆள் வந்து கழுகுப் படத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு அவள் கடையைப் பூட்டினான். சங்கம் ஜெயித்திருந்தது. கலோஜெரோ தெருவைக் கடந்து போனான்.

"நுன்சியா, நான் வேணும்னு..."

"விடுங்கண்ணே." அவள் கத்திப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நாளைக்கு நீங்க செத்துப் போனாலும் சவரத்துக்கு நான்தான் வரணும். இந்தத் தெருவுல உங்களுக்கு வேற யாரு வருவா? மதினிகிட்டச் சொல்லி ஒரு கால் டாலரை எடுத்து வைக்கச் சொல்லுங்க. உங்ககிட்ட மட்டும் வாங்கிக்கிறேன்."

அவள் போய்விட்டாள். கலோஜெரோவின் கை தானாகவே தன் கன்னத்தைத் தடவியது. காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் பதற்றத்தில் அவன் சவரம் செய்துகொள்ளவே மறந்திருந்தான்.