கிட்டார்காரனுக்கு ஒரு கோத்திரம்

என் கணவர் ஸ்ரீவத்சனுக்கு இரண்டு குடும்பம். ஒன்று சேலையூரில், நானும் அவருமாக. இன்னொன்று இங்கிலாந்தில், 'ரஸ்டி ஃபெரி' என்கிற ராக் பேண்ட்.

பாடுகிறவன் டேனி, கிட்டார் ராப். பள்ளிக்கூட சிநேகிதர்கள். தொண்ணூற்றாறில் ஆரம்பித்து நாலு ஆல்பம் போட்டார்கள். முதலாவது ஓகோ, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது அவர்களுக்கே புரிந்திருக்காது. நாலாவதை வாங்கியது இவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன். பிறகு மேடையிலேயே சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். அன்றைக்கு இவர் ஆபீசுக்கு லீவு போட்டார். என் சித்தப்பா போனபோது அரை நாள்தான் போட்டார்.

பதிமூன்று வருஷம் கழித்து, போன மாதம் செய்தி வந்தது. இருவரும் மறுபடி பேசுகிறார்கள், ஒத்துவந்தால் ஒரு கச்சேரி. அதற்கப்புறம் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் வேஷ்டி கட்டிக்கொண்டு காலனிப் பெருமாள் கோவிலுக்குப் போய், இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னார். பிறந்த தேதியை வைத்து நட்சத்திரம்கூடக் கண்டுபிடித்திருந்தார். டேனிக்கு மூலம், ராப்புக்குக் கேட்டை. கோத்திரம் என்ன என்று பட்டர் கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் ஹரித கோத்திரத்தையே இருவருக்கும் தானம் செய்துவிட்டு வந்தார்.

மறுநாளே பேச்சு முறிந்தது. ராப் பாதியில் எழுந்து போய்விட்டானாம்.

அந்த வாரம் முழுக்க இவருக்கு மோர்சாதம்தான். அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டு பட்டர் சிரித்தார்.

"ஸ்வாமி, ரெண்டு பேருக்கும் ஒரே கோத்திரம் குடுத்துட்டீரே! பங்காளி ஆயிட்டா அடிச்சுக்காம என்ன பண்ணுவா?"

"இப்ப என்ன பண்றது?"

"ஒருத்தரை மாத்திடுவோம். மாமன் மச்சான்னா விட்டுக்குடுப்பா. வேற கோத்திரம் சொல்லுங்கோ."

பட்டர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். இவரோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். கிண்டல் செய்ய எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே பாவமாக இருந்தது.

"ராப், கேட்டை நட்சத்திரம்" என்றேன். "கௌசிக கோத்திரம்."

அது என் அப்பாவின் கோத்திரம். தாலி ஏறிய அன்றோடு விட்டது. இருபத்திரண்டு வருஷமாக எந்தச் சன்னதியிலும் நான் அதைச் சொன்னதில்லை. இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பட்டர் தீபாராதனை காட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

புதன்கிழமை டேனி ராப்புக்குப் போன் செய்தானாம். அவன் எடுக்கவில்லை.

"என்ன திமிர் பாரு இவனுக்கு!" என்று பேப்பரை விசிறிப் போட்டார்.

"எடுப்பான்" என்றேன். "எங்காத்துப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாதீங்கோ."