ஒற்றை நட்சத்திரம்

கறிக்காரர் இறக்கி வைத்த பெட்டியைத் திறந்ததுமே அண்ணி முகத்தைச் சுளித்தாள். ஒரு துண்டை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி எழும்பவில்லை.

"எப்ப அறுத்தது?"

"காலையிலதான்க்கா. ஐஸ்ல இருந்துச்சு, அதான் அப்படித் தெரியுது."

வழக்கமாகக் கறி தருபவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இவர் புது ஆள். தெருவில் மற்ற இரண்டு உணவகங்களும் இவரிடம் வாங்கிவிட்டன.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் அண்ணி.

கல்லாவில் இருந்த நாத்தனார் எழுந்து ஓடிவந்தாள். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, அண்ணியின் கைப்பக்குவத்தை நம்பிக் கடை தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அன்று மதியம் ஓர் அலுவலகத்திலிருந்து நாற்பது பேர் கறிச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி, மசாலாவைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

'இன்று கறி இல்லை' என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டாள் அந்த மகராசி.

நாற்பது பேரும் பருப்பையும் முட்டையையும் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கூட்டிவந்த மேலாளர், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் இணையத்தில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார். 'கறி கேட்டோம், பருப்பு ஊற்றினார்கள். என் மானமே போயிற்று.' நாத்தனார் அதைப் பத்துத் தடவை படித்துப் பத்துத் தடவையும் அழுதாள். அண்ணியோடு பேச்சை நிறுத்தினாள். மேலாளரிடம் கெஞ்சியாவது அதை அழிக்கச் சொல்லலாம் என்று அவருடைய எண்ணைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் காலை அந்த எண்ணை அழுத்தப் போன நேரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். அந்தக் கறியைத் தின்ற பதினேழு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மற்ற இரண்டு கடைகளுக்கும் பூட்டு விழுந்தாயிற்று. பிடிபட்ட கறிக்காரரின் பட்டியலில் இந்தக் கடையும் இருந்தது.

"நாங்க திருப்பி அனுப்பிட்டோம் சார். வாசல்ல பலகைகூட மாட்டினோம்."

"எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க. பலகையை இப்பக்கூட எழுதி மாட்டலாம்." பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நாத்தனாருக்குச் சட்டென்று பொறி தட்டியது. போனை அவரிடம் நீட்டினாள்.

"இதைப் படிங்க சார்."

அதிகாரி தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். அதன் கீழே அலுவலகத்து ஆட்கள் பதினொரு பேர், ஒரு துண்டு கறியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு எழுதியிருந்தார்கள். அதிகாரி உள்ளே போய்க் குளிர்பெட்டியையும் பாத்திரங்களையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்தார். பூட்டு பைக்குள் போனது.

"இதைவிட நல்ல சர்டிபிகேட் எங்க ஆபீஸ்லயே கிடையாதும்மா."

நாத்தனார் அடுப்படிக்கு ஓடி, கரண்டியும் கையுமாக நின்ற அண்ணியை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"விடுடி, பருப்பு அடிபிடிக்குது" என்றாள் அண்ணி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அன்றும் கறி இல்லை. ஆனாலும் மதியம் கடையில் நிற்க இடமில்லை. பலகையை வாசலில் நின்று படித்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் உள்ளே வந்தார்கள். மேலாளரும் குடும்பத்தோடு வந்து, கல்லாவின் முன்னால் தலையைச் சொறிந்தார்.

"நான் எழுதினதை இப்பவே அழிச்சிடறேம்மா."

"அதுல கை வச்சுடாதீங்க சார்" என்றாள் நாத்தனார். "பிரேம் போடக் கொடுத்திருக்கேன்."