இருபத்தொன்று கேட்ட கேள்வி

மலையூர் மூஞ்சிக்கல்லின் வாசகசாலையில் ஒரு கேள்வி நோட்டு இருந்தது. மொழிகளைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அதில் எழுதலாம். தெரிந்தவர் கீழே பதில் எழுதலாம். பெயர் போடக் கூடாது, எண்தான். முதல் வருடம் எல்லோரும் பெயர் போட்டுத்தான் எழுதினார்கள். ஒரு தலைமையாசிரியர் தப்பாக எழுதிய பதிலை ஆறு மாதம் ஒருவரும் திருத்தவில்லை. அதற்குப் பிறகுதான் வாசகசாலையைக் கவனித்துக்கொண்ட சூசைமாணிக்கம் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு எண் கொடுத்தார். யார் எந்த எண் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஒருவருக்கு வாரம் ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டிக் கேட்கக் கூடாது. மீறினால் அந்த வரி முழுவதும் மை பூசிவிடுவார்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை அடைக்கலமேரி, இருபத்தொன்று.

ஊர் திரும்பிய வெள்ளைக்கார அம்மா ஒருவர் வாசகசாலைக்கு விட்டுச் சென்ற பெட்டியில், சீன எழுத்துகளை ஆங்கிலத்தில் விளக்கும் புத்தகம் ஒன்று கிடந்தது. அதைப் புரட்டியவள், "அகர வரிசை இல்லாத மொழியில் அகராதி பார்ப்பது எப்படி?" என்று நோட்டில் எழுதினாள். பதினான்காம் எண்காரர் பதில் எழுதியிருந்தார். எழுத்தில் எத்தனை கோடு என்று எண்ண வேண்டுமாம், அந்த எண்ணிக்கைப்படி அடுக்கியிருப்பார்களாம். உதாரணத்துக்கு, வாயைக் குறிக்கும் சதுர எழுத்தை வரைந்து, "இரண்டு கோடு" என்று போட்டிருந்தார்.

இரண்டு எப்படி வந்தது என்று அடைக்கலமேரிக்குத் தெரியும். தமிழ்க் கை சதுரத்தைக் கண்டால் முதலில் ஒரு 'ப' போடும், பிறகு மேலே மூடி போடும். அவளும் அப்படித்தான் ஆரம்பித்திருந்தாள். "மூன்று. இடப்பக்கம் ஒன்று. மேலும் வலமும் மடங்கி ஒன்று. அடியில் ஒன்று. உங்கள் கணக்குப்படி தேடினால் ஆயுசுக்கும் வாய் அகப்படாது" என்று எழுதினாள்.

மறுவாரம் பதினான்கு அந்தச் சதுரத்தை ஒரு பக்கம் முழுக்கச் சரியாக எழுதி வைத்திருந்தார். "அகப்பட்டது" என்று கீழே ஒரு சொல்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. இருப்பது ஒரே புத்தகம். திங்கள் முதல் புதன் வரை அவளிடம், வியாழன் முதல் சனி வரை அவரிடம். தப்பை ஒப்புக்கொள்ளவும் அதைச் சிரிப்பாக்கவும் தெரிந்த ஆண்பிள்ளையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. இவரையும் பார்த்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருடம், நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அம்மா தெரசம்மாள் பேச்சை எடுத்தாள்.

"வத்தலக்குண்டுக்காரங்க ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. மனசுல யாரும் இருந்தா இப்பவே சொல்லிரு. சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள ஆளக் காட்டு, அவங்கள வரவேணாம்னு நானே தந்தி குடுக்கேன். இல்லன்னா சேலையக் கட்டிட்டு வந்து நில்லு."

"இருக்காரும்மா."

"பேரு?"

"பதினாலு."

"அது என்னடி, பஸ் நம்பரா?"

அன்று சாயங்காலமே அவள் சூசைமாணிக்கத்திடம் போனாள்.

"அண்ணே, பதினாலு யாரு?"

"நாளைக்கு ஒருத்தன் வந்து இருபத்தொண்ணு யாருன்னு கேப்பான். சொல்லிரவா மிஸ்?"

"கல்யாணம் ஆனவரா, அதையாச்சும் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்குறதுல தப்பில்ல. அதுக்கு மேல என் வாயக் கிண்டாதீங்க."

அது போதும் அவளுக்கு. நோட்டைத் திறந்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள்: "பெயர் தெரியாத ஒருவரைத் தன் தாயிடம் வந்து பெண் கேட்கும்படி ஒரு பெண்ணே சொல்வதற்கு, தமிழில் கௌரவமான வாக்கியம் எது? சனிக்கிழமைக்குள் விடை தேவை." அடுத்த வரியில், "எண் பதினான்கு பதில் எழுதினால் நல்லது."

புதன்கிழமை போய்ப் பார்த்தபோது அந்தக் கடைசி வரியின் மேல் மை பூசியிருந்தது. கேள்வி பொதுவாகிவிட்டதால் ஊரே பதில் எழுதியிருந்தது. எண் ஒன்பது, இலக்கியத்திலிருந்து எட்டு வரி. மூன்று, "அப்படி ஒரு வாக்கியம் நம் வழக்கத்தில் இல்லை, இருக்கவும் கூடாது." ஐந்து, "வாங்கன்னு சொன்னாப் போதும்." அதன் கீழே மூன்றுக்கும் ஐந்துக்கும் ஒரு பக்கத்துக்குச் சண்டை. பதினான்கின் எழுத்து எங்கும் இல்லை. இன்னொரு கேள்வி எழுத அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினான்கு எழுதியிருந்தார். "கேட்பவர் அந்தப் பெண்ணுக்காகக் கேட்கிறாரா, இலக்கணத்துக்காகவா? பெண்ணுக்காக என்றால், அவள் சொல்லப்போவது நேரிலா, கடிதத்திலா? தெரிந்தால் விடை எழுத வசதி."

அடைக்கலமேரி நோட்டை மூடினாள். சனிக்கிழமை காலை புத்தகத்தைத் திருப்பித் தர அவர் வந்தாக வேண்டும். புத்தகத்தைப் பகிர்கிற இரண்டு பேர் ஒருவர் அதை எடுக்கவோ திருப்பவோ வரும் வேளையில் மற்றவர் வருவதில்லை என்பதும் அங்கே வழக்கம்தான். அந்த வழக்கத்தை உடைக்க, சனிக்கிழமையும் நடக்கும் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டாள்.

எட்டரைக்கே மேசையருகே உட்கார்ந்துவிட்டாள். சூசைமாணிக்கம் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்து மணிக்கு வாசலில் ஒரு ஜீப் நின்றது. பின்னால் கேரட் மூட்டைகள். இறங்கி வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். பழைய ஸ்வெட்டர், காக்கிக் கால்சட்டை. புத்தகத்தை மட்டும் துணிப்பையில் சுற்றி வைத்திருந்தான்.

"நேரில்தான்," என்றாள் அவள். "பெண்ணுக்காகத்தான்."

அவன் புரியாமல் திரும்பினான். பிறகு நோட்டைப் பார்த்தான்.

"நீங்களா இருபத்தொண்ணு? ரிட்டயர் ஆன வாத்தியாருன்னுல்ல நெனச்சிருந்தேன். அந்தத் திட்டு திட்டுனீங்க."

"மை பூசின வரியில உங்க நம்பரத்தான் எழுதியிருந்தேன்."

அவன் அந்தக் கறுப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். "எம்பேரு அருளப்பன். ஊரு அடுக்கம். பி.யு.சி.யோட நின்னுட்டேன். ஜீப்பும் என்னுது இல்லங்க, முதலாளியோடது."

"நான் ஜீப்பைப் பத்திக் கேக்கலியே. விருப்பமில்லன்னா இப்பவே சொல்லிருங்க, நாளைக்குப் பொண்ணு பாக்க வாராங்க, நான் சேலை கட்டி நிக்கணும்."

"வியாழக்கெழம காலையில பழனியில இருந்து மலை ஏறும்போதெல்லாம் இருபத்தொண்ணு என்ன எழுதிருப்பாகன்னுதான் வண்டியோட்டுவேன். வாத்தியாரா இருந்தாலும் ஒருநா தேடிவந்து கும்பிட்டிருப்பேன்." துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "இது அதவிட நல்லாருக்கு."

வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்று. தெரசம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் கைகளில் செம்மண் காய்ந்திருந்தது.

"என்ன சோலி பாக்கீங்க?"

"ஜீப் ஓட்டுறேங்க."

"வேதம்?"

"ஆர்.சி. கிறிஸ்தவங்கதாங்க."

"இவள எப்படிப் பழக்கம்?"

"எழுத்துப் பழக்கங்க. இன்னைக்குத்தான் மொகத்தப் பாத்தேன்."

தெரசம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். வத்தலக்குண்டு மாப்பிள்ளை தாலுகா ஆபீசில் வேலை செய்பவர். அந்த வருத்தம் அவள் முகத்தில் வந்தது, நின்றது. அடைக்கலமேரி கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சனிக்கெழமக்குள்ள ஆளக் காட்டுன்னு சொன்னது நாந்தான்," என்றாள் தெரசம்மாள் கடைசியில். கொடியிலிருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "வெரசா வண்டிய எடுங்க தம்பி. பன்னெண்டு மணிக்குத் தந்தி ஆபீச மூடிருவாங்க."

முன் இருக்கையில் அம்மா ஏறிக்கொண்டாள். அடைக்கலமேரி பின்னால் கேரட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தாள்.