கழித்தபின் மிஞ்சிய குரல்

ஒசாகாவின் நிப்பொம்பாஷியில், பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் எங்கள் கடை. இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவோம். நாங்கள் என்றால் நானும் என் கூட்டாளி தொகுநாகாவும். இருபது வருடமாக எங்களுக்குள் ஒரே சண்டை. தட்டில் பதியும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் பதிவார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வுகளை வைத்துத் தானே செய்த பெட்டியிடம் அந்த வேலையை விடுவான் தொகுநாகா. நான் ஊசி தருவதை அப்படியே கணினிக்குள் எடுத்து, அங்கே கணக்குப் போட்டுச் சரிசெய்வேன்.

மே மாதத்தில் ஒரு முற்பகல் ஷியோமி ஃபுஸாயே என்ற அம்மாள் வந்தார். எழுபது வயதிருக்கும். கையில் உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று. 1961இல், கோபேயில் ஒரு பெரிய கடையின் மொட்டைமாடியில் குரலைப் பதிவுசெய்து தரும் கூண்டு இருந்ததாம். அதற்குள் நின்று அவருடைய அக்கா செத்சுகோ பாடிய பாட்டு.

“அக்காவுக்கு அப்ப பதினொண்ணு. அடுத்த வருஷமே போயிட்டா. அன்னைக்கு நான் கூடப் போகல. அம்மை போட்டு, ஜுரத்துல வீட்டுல கெடந்தேன்.”

“வால்வுல கேளுங்கம்மா. அக்கா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்,” என்றான் தொகுநாகா.

“உன் பெட்டி எது மேலயும் சர்க்கரை தூவும்யா,” என்றேன் நான்.

“இவன் குடுக்கிறது எக்ஸ்ரே படம்மா. எலும்புதான் தெரியும்.”

அம்மாள் சிரித்தார். “ரெண்டுலயும் எடுங்க.”

ஊசியிலிருந்து வந்ததை இரண்டாகப் பிரித்து, ஒரே ஓட்டத்தில் இரண்டு பதிவும் எடுத்தோம். இரண்டிலும் ஒரு சிறுமி தெளிவாகப் பாடினாள். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். சண்டையை அன்றே தீர்த்துவிடும் ஆசையில், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். பொதுவானது அழிந்து, வித்தியாசம் மட்டும் மிஞ்சும். கொஞ்சம் இரைச்சல், வால்வின் முனகல், அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

இரைச்சலுக்குள் இன்னொரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா... கதவு திறக்கல... அக்கா...”

தொகுநாகா தன் பெட்டியை அணைத்தான். ஒலி வந்தது கணினியிலிருந்து, அது நிற்கவில்லை. அம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

“அது என் குரல்,” என்றார். “ஜுரத்துல ஒரு கனவு வந்துச்சு. ஒரு பெட்டிக்குள்ள அக்காகூட நிக்கிறேன். பாடி முடிச்சிட்டு அவ மட்டும் வெளிய போயிடுறா.” தட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “ஜுரம் விட்டப்புறம் எங்க அம்மா என்னையே உத்து உத்துப் பார்ப்பா. ‘நீ என் பொண்ணு மாதிரியே இல்லடி, சாப்பிடுற கைகூட மாறிடுச்சு’ன்னுவா. பிள்ளைய யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? ஏன் சொன்னாள்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

எழுந்துபோய் ஒலிபெருக்கியின் மரப்பெட்டிமேல் கையை வைத்தார்.

“அழாதடி. நான் இங்கதான் இருக்கேன். வா.”

அழுகை நின்றது. ஒரு விசும்பல், பிறகு வெறும் இரைச்சல். மறுபடி ஓட்டினேன். முதலிலிருந்தே இரைச்சல்தான். ஒரு பதிவிலிருந்து மற்றதைப் புதிதாகக் கழித்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அம்மாள் ஒலிபெருக்கியிலிருந்து கையை எடுத்தார். தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அதை வாங்கிப்போக அவர் மகன் வந்தார்.

“இங்க என்னங்க நடந்தது?” என்றார். “அம்மா எங்களையெல்லாம் புதுசாப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க. பேரப் பிள்ளைங்க பேரக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டினோம். ஒரு கோளாறும் இல்லங்கிறார். ஆனா இத்தனை வருஷம் வலது கையில சாப்பிட்டவங்க, இப்ப இடது கையில சாப்ஸ்டிக் பிடிக்கிறாங்க. தட்டுத் தடுமாறாம, பழகின கை மாதிரி.”

“ஒரு தட்டைக் கணினிக்கு மாத்தினோம்,” என்றான் தொகுநாகா.

எங்கள் சண்டை இன்னமும் தீரவில்லை. தீர்த்துப் பார்க்க இருவருக்குமே தைரியம் இல்லை.